பைக்குள் ஒரு காய்

"இது என்னம்மா?"

துறைத்தலைவர் கொடியில் கட்டியிருந்த துணிப்பையை விலக்கிக் காட்டினார். உள்ளே பச்சையாய், உருண்டையாய் ஒரு காய்.

'பூச்சி மேடம்' முகத்தில் ஈயாடவில்லை.

அந்தக் கல்லூரியில் தாவர ஆராய்ச்சிக்கு வந்த முதல் பெண் அவள். ஆண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பாத்தி ஒதுக்கினார்கள். இவள் கேட்டபோது மட்டும் நிலம் சுருங்கிவிட்டது! வீட்டு வேலியில் படர்ந்த கொடியிலேயே வேலையைத் தொடங்கினாள்.

பூச்சி மகரந்தம் கொண்டுவந்தால்தான் இந்தக் கொடி காய்க்கும் என்பது அவள் கட்சி. தானாகவே காய்க்கும் என்று பாடப்புத்தகத்தில் எழுதிவைத்தவர் தலைவர். அவருக்கு இது இனிக்குமா?

மொட்டிலேயே பை கட்டிய பூக்கள் காய்க்காமல் இருந்தால் அவள் ஜெயித்தாள். காய்த்தால் பட்டத்துக்கு முழுக்கு. அதைப் பார்க்கத்தான் இன்று எல்லோரும் அவள் வீட்டு வேலிக்கு வந்திருந்தார்கள்.

பை கட்டாத பூக்களெல்லாம் காயாகித் தொங்கின. அவிழ்த்த பைகளெல்லாம் காலி. கடைசிப் பையில்தான் இந்த வினை.

"பூச்சி எப்படி உள்ளே போச்சு? கதவைத் தட்டிட்டா?" என்றார் தலைவர்.

கூட வந்த விரிவுரையாளர்கள் சிரித்தார்கள். வெளியூர்த் தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் நூலைத் தடவிப் பார்த்தாள். "சார், இது நான் போட்ட முடிச்சு இல்ல. யாரோ அவிழ்த்துக் கட்டியிருக்காங்க."

"காலியா இருந்தா உங்க முடிச்சு, காய் இருந்தா ஊரார் முடிச்சா? நல்லா இருக்கே நியாயம்!"

வேலியோரம் நின்றிருந்த அவள் கணவன் சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"அம்மா! நீ கை வெச்சியா?"

கேட்காமல் என்ன செய்வான்? 'குழந்தைச் சட்டை தைக்க வாங்கின மெஷின்ல பூவுக்குச் சட்டை தைக்கிறா மகராசி' என்று நாள் தவறாமல் குத்துகிறவள்தானே அவன் அம்மா!

மாமியார் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"நான்தான். பூச்சி செய்யிற வேலையை பிரஷ்ஷாலயும் செய்யலாம்னு இவதான் ஒருநாள் சொன்னா. பக்கத்துப் பூவோட தூளை எடுத்து உள்ள வெச்சுக் கட்டிட்டேன்."

"எத்தனை பூவுக்குமா?" தேர்வாளர் கேட்டார்.

"இது ஒண்ணுக்குத்தான். அதுக்குள்ள இவ வந்துட்டா."

தேர்வாளர் தலைவரைப் பார்த்தார். "தொட்டது காய்ச்சிருக்கு. தொடாததெல்லாம் காலி. இதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்?"

தலைவருக்குத் திடீரென்று மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

ஜெயித்தவள் சிரிக்கவில்லை. நேரே மாமியாரிடம் போனாள்.

"இத்தனை வருஷப் படிப்பு அத்தை. அப்படி என்ன கோபம் என்மேல?"

"கோபமா?"

மாமியார் வேலிக்கு அப்பால் தெருவை ஒரு முறை முறைத்தாள். பிறகு மருமகளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"'எல்லாப் பூவும் காய்ச்சிருக்கு, உன் மருமக கை பட்டது மட்டும் காய்க்கல பாரு'ன்னு போறவ வர்றவ எல்லாம் சிரிச்சாளுங்க. நான் ஆயிரம் சொல்லுவேன்டி... அவளுங்க யாரு உன்னைச் சொல்ல?"