எச்சில் காபி

அவசரத்தில் மனைவியின் காபியைப் பாதி குடித்துவிட்டு, மீதியை அவளிடமே நீட்டியது அவன் குற்றம்தான். அடுத்த வாரமே அவளுக்கு மூளைக்காய்ச்சல்.

"எல்லாம் உங்க எச்சிலால வந்தது, மாப்பிள்ளை! எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இப்படி வந்ததில்ல." ஒன்பது நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் இதே பாட்டுதான்.

மனைவி கண் விழித்த அன்று அவன் பொறுமையிழந்தான். "நேராச் சொல்லுங்க டாக்டர். என்னாலயா?"

"அந்தக் கிருமி பல பேர் தொண்டையில சும்மா கிடக்கும், சார். அதை எதிர்க்கிற புரதம் ஒண்ணு இவங்க ரத்தத்துல பிறவியிலேயே இல்ல. அதனாலதான் இதே காய்ச்சல் இவங்களுக்குப் பத்து வயசுலயும் வந்திருக்கு. இவங்க அம்மாவே சொன்னாங்களே!"

அவன் திரும்பினான். மாமியார் சுவர்க் காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் தொடர்ந்தார்: "அம்மா பாதி, அப்பா பாதின்னு வந்த குறை. உங்களுக்கும் அதுக்கும் ரத்த சம்பந்தமே இல்ல."