பால்மானி பொய் சொல்லாது

மேரிசுகந்தி ரீச்சர் தன் இரண்டு கண்ணாலும் கண்டுவிட்டாள். பக்கத்து வளவில் பால்கார வல்லிபுரம், கிணற்றுத் தண்ணீரை அள்ளிப் பால் செம்புக்குள் ஊற்றினார். கொஞ்சமும் ஒளிவு மறைவு இல்லை!

"யூலியட் அக்கா, இந்த மனிசன் பாலெண்டு சொல்லித் தண்ணியை விக்குது!" தான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரியிடம் வந்து குமுறினாள்.

"சும்மா இரும் பிள்ளை. இரண்டு மாட்டை வைச்சுச் சீவிக்கிற குடும்பம். கதை பரவினா அதுகள் என்ன செய்யும்?"

"பரவட்டும்! சின்னப் பிள்ளையள் குடிக்கிற பால் அக்கா! நாளைக்கு அடர்த்திப் பாடம். வகுப்பிலையே ஆளைப் பிடிக்கிறன். பிறகு நெடுந்தீவிலை ஒரு வீடும் அவரிட்டைப் பால் வாங்கக் கூடாது. காலமை எனக்குக் கூடுதலா ஒரு போத்தல் வாங்கித் தாங்கோ."

மறுநாள் மேசையில் போத்தல்கள் நின்றன. பிள்ளைகள் வீடுகளிலிருந்து கொண்டுவந்தவை. எல்லாம் வல்லிபுரம் விற்ற பால்.

"கறந்த சூடு ஆறட்டும். சூட்டிலை அடர்த்தி குறையும். நாங்கள் ஒருத்தரையும் பிழையாச் சொல்லக் கூடாது" என்றாள் ரீச்சர். ஆறியதும், பாலின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடிப் பால்மானியைத் தூக்கிக் காட்டினாள். "பாலுக்குத் தண்ணியை விட அடர்த்தி கூட. தண்ணி கலந்தா இது என்ன செய்யும்?"

"கூடத் தாழும் ரீச்சர்!"

"ஓம். ஆள் ஆரெண்டு பாராமல் தாழும்."

முதலில் தன் போத்தல். நல்ல பாலுக்குரிய கோட்டில் பால்மானி அசையாமல் நின்றது. ரீச்சரின் முகம் சுண்டிப்போனது.

அடுத்த போத்தலிலும் அதே கோடு. அதற்கடுத்ததிலும் அப்படித்தான்.

கள்ளன்! எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். இன்றைக்கு மட்டும் நல்ல பாலாக ஊற்றியிருக்கிறான். யாருக்குக் காது குத்தப் பார்க்கிறான்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி வரிசை வாங்கிலிருந்து வல்லிபுரத்தின் மகள் பிரியதர்சினி எழுந்து வந்தாள். கையில் ஒரு சின்னப் போத்தல்.

"நீரும் கொண்டந்தனீரோ? நல்லது. தாரும்."

விட்ட கையோடு பால்மானி தாழ்ந்தது. கோடு கண்ணுக்கே தெரியவில்லை.

"பாத்தீங்களோ!" ரீச்சர் மேசையில் அடித்தாள். "பால்மானி பொய் சொல்லாது! பால்காரர் வீட்டுப் பாலிலையே அரைவாசி தண்ணி. இவரிட்டைத்தான் ஊரெல்லாம் பால் வாங்குது!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிரியதர்சினி அழவில்லை.

"இது விக்கிற பால் இல்லை ரீச்சர். எல்லாருக்கும் குடுத்து மிஞ்சினது. வீட்டிலை ஆறு பேருக்குக் காணாதெண்டு அப்பா இதுக்கு மட்டும்தான் தண்ணி விடுறவர். இண்டைக்கு உங்களுக்குக் கூடுதலா ஒரு போத்தல் குடுத்ததாலை, கொஞ்சம் கனக்க விட்டிட்டார்."