பத்தாயிரத்துக்கு ஒன்று குறைவு

“உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா சார்?” என்று கேட்டே விட்டாள், விமான நிலைய கேட்டில் போர்டிங் பாஸ் சரிபார்ப்பவள்.

கிளிக் சார் கையிலிருந்த கருவியின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் ஏறுகிற ஒவ்வொரு தலைக்கும் கைக்கருவியை ஓர் அழுத்து அழுத்தி எண்ணுவது அவர் வேலை. அந்தச் சத்தமே அவருக்குப் பெயராகிவிட்டது.

வருஷத்துக்குப் பத்தாயிரம் பேராவது ஏறினால்தான் அந்தச் சின்ன ஊருக்கு விமானம் தொடர்ந்து வரும். இல்லையென்றால் நிலையத்துக்குப் பூட்டு, ஊழியர்களுக்கு ஆளுக்கொரு மூலைக்கு மாற்றல். இன்று வருஷக் கடைசி, கடைசி விமானம். வந்தவர்கள் எல்லோரும் ஏறியாயிற்று. கணக்கு 9,999-இல் நின்றது.

அவளும் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். அம்மா மடியில் போன கைக்குழந்தையைச் சேர்க்கச் சொன்னாள். தனி சீட் இல்லாத குழந்தை கணக்கில் வராது என்றார். இலவசப் பாஸில் போகும் ஊழியரைச் சேர்க்கச் சொன்னாள். அதுவும் வராதாம்.

“என் பொண்ணு பன்னெண்டாவது படிக்கிறா சார். நடுவுல எந்த ஸ்கூல்ல கொண்டுபோய்ச் சேர்ப்பேன்? ஒரு தடவை அழுத்தினா விரல் தேஞ்சா போயிடும்?”

“ஏறாத ஆளை எண்ண மாட்டேன்மா.”

சரியான கல்லுளிமங்கன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கதவை மூடப் போனாள்.

“கொஞ்சம் இரும்மா” என்றவர், இன்னொரு முறை வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. பெருமூச்சோடு அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு போர்டிங் பாஸை எடுத்து நீட்டினார்.

முழுக் கட்டண டிக்கெட். அவர் பெயரில் இருந்தது.

“காலைல பயணிகள் லிஸ்ட்டைப் பார்த்ததுமே ஒண்ணு குறையும்னு தெரிஞ்சுது. இதுக்கு மேல லீவுன்னு சொல்லிட்டு டிக்கெட் வாங்கிட்டேன். கடைசி நிமிஷத்துல யாராவது ஓடி வந்தா தப்பிச்சுடலாம்னு பார்த்தேன்.”

“அங்க யார் சார் இருக்கா உங்களுக்கு?”

“யாரும் இல்ல. இறங்கினதும் பஸ் பிடிச்சுத் திரும்பிடுவேன்.” கருவியை அவள் கையில் வைத்தார். “என்னை நானே எண்ணக் கூடாது. நீ அழுத்து.”

அழுத்தினாள். திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது.

நாலடி நடந்தவர் திரும்பி வந்து, ரகசியக் குரலில் கேட்டார்.

“ஏம்மா, இருபது வருஷமா மத்தவங்களை ஏத்தி விட்டுத்தான் பழக்கம். உள்ள போனதும் அந்த பெல்ட்டை எப்படி மாட்டணும்?”