வளைகோட்டின் கடைசிப் புள்ளி

களவா மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை அறுத்தால், மரத்தில் தெரிவதுபோல ஆண்டுக்கொரு வளையம் தெரியும். ஆராய்ச்சிக்கு வந்த பிரிசில்லா இந்தப் பவளப்பாறையில் நானூறு மீன்களை அறுத்து எண்ணிவிட்டாள். எதுவும் நான்கு வயதைத் தாண்டவில்லை. வயதையும் நீளத்தையும் வைத்து வரையும் வளர்ச்சிக் கோடு எங்கே போய் நிற்கும் என்று தெரிய ஒரு கிழட்டு மீனாவது வேண்டும். கேட்டதற்கு, படகுக்காரர் மிக்கேல்பிச்சை ஒரு மீனைக் கொண்டுவந்தார்; அதன் உதட்டில் பழைய தூண்டில் தழும்பு. முப்பத்தொரு வளையம். கோடு அழகாக வளைந்து நின்றது.

"அண்ணே, இதே மாதிரி இன்னொண்ணு கிடைச்சா போதும்," என்றாள்.

"இது ஒண்ணுதாம்மா இருந்துச்சு. எங்கப்பா காலத்துலேர்ந்து அந்தப் பொந்துலயே கிடந்துச்சு. தூண்டில்ல மாட்டினாலும் திருப்பி விட்டுருவோம். நீங்க படிப்புக்குன்னு கேட்டீங்க."

மீனுக்குக் காதுக்கல் இரண்டு. மிச்சமிருந்ததை அவள் அறுத்து, நுண்ணோக்கியின் அடியில் வைத்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.