பன்னிரண்டாம் குழி

ஸ்காட்லாந்து மேட்டில் காற்றாலைக்கு மண் சோதிக்க வெட்டும் ஒவ்வொரு குழியிலும் பழம்பொருள் ஏதும் தென்படுகிறதா என்று பார்ப்பது தொல்லியலாளர் மோரக்கின் வேலை.

மழையில் காரை விட்டு இறங்கியவள், பன்னிரண்டாம் குழிக்குள் பொக்லைன் ஓட்டுநர் ரோரி குனிந்திருப்பதைக் கண்டதும் பாய்ந்தாள்.

"கோட்டுக்கடியில என்னத்த ஒளிக்கிற? கம்பி எண்ண ஆசையா?"

"ஒளிக்கல மேடம். நனையக் கூடாதேன்னு மூடினேன்."

கோட்டை விலக்கினான். வட்டமாய்க் கற்கள், நடுவே கரி. எந்தக் காலத்திலோ யாரோ மூட்டிய அடுப்பு.

"பாத்ததும் வண்டிய நிறுத்திட்டேன். நீங்க வரணும்னு ஒரு மணி நேரமா நிக்கிறேன்."

கோட்டை அவள் தலைக்கு மேல் கூரைபோல் பிடித்தான். "தாள் நனையாது, எழுதுங்க."

அறிக்கைத் தாளை எடுக்கப் பைக்குள் போன அவள் கை வெளியே வரவில்லை. காலையிலேயே, காரில் தேநீர் குடித்தபடி, இருபது குழிக்கும் அவள் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்:

'நேரில் நின்று பார்த்தேன். ஒன்றுமில்லை.'