துண்டு மாறிய ஞாயிறு

2004-இல், ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நாய் ரோசிக்கு மோப்பம் பழக்குவார்கள். சவரிராஜ் முன்னால் நடந்துபோய்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் உடைசல் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். பத்து நிமிடம் கழித்து அவர் மனைவி ரீட்டா அவருடைய வேலைத் துண்டை முகர வைத்து நாயோடு கிளம்புவாள். ஆளைக் கண்டுபிடித்தால் ரோசி உட்கார வேண்டும். அந்த ஆள் கையால்தான் பிஸ்கட். வேறு யார் நீட்டினாலும் வாங்காது.

அன்று ரோசி குந்தியிருந்த சவரிராஜைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டியது. பூட்டிக் கிடந்த சூளைக் கொட்டகையின் படிக்கு முன்னால் உட்கார்ந்து வாலை ஆட்டியது. படியில் யாரும் இல்லை.

"என்னா ரீட்டா, எந்தத் துண்டக் குடுத்த?"

ரீட்டா துண்டைப் பிரித்தாள். மண் தூசி படிந்து பேட்டைக்காரர்களின் துண்டுகள் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். இதன் மூலையில் சிவப்பு நூலில் 'ஜூ' என்றிருந்தது. இந்தச் சூளையில் வேலை பார்த்த அவள் தம்பி ஜூடு இறந்து மூன்று வருடம். துவைக்க மனம் வராமல் வைத்திருந்தாள். ரோசி வீட்டுக்கு வந்து ஒரு வருடம்தான்.

"மாத்தி எடுத்துட்டேங்க."

மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. ரோசி எதையோ மென்றுகொண்டிருந்தது.

"நீங்க குடுத்தீங்களா?"

சவரிராஜ் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டு பிஸ்கட்டும் அப்படியே இருந்தன.

ரோசி மென்று முடித்தது. பிறகு கழுத்தை நீட்டி, படிக்கு மேலே வெறும் காற்றை, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, மெதுவாக நக்கியது.