இரண்டு குதிரைகள்

"எழுபத்தைஞ்சு. மறந்துபோகாதையும்" என்று அன்புராசா கடைசித் தடவையாகக் காதுக்குள் சொல்லவும், அவர்களுடைய நம்பரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது.

தயாளினி தலையாட்டினாள்.

மறக்க வழியில்லை. கொழும்பிலிருந்து பிளேன் ஏறி வெக்ஸ்போர்ட்டில் அன்புராசாவின் மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்த இந்த மூன்று மாதமும் சோற்றோடு சேர்த்து அதைத்தான் விழுங்கியிருக்கிறாள். பிறந்தது எழுபத்தைந்து, வயது பத்தொன்பது. அது ஏஜென்ற் பாஸ்போட்டில் எழுதிய வருசம். அம்மா அவளைப் பெற்றது எழுபத்தெட்டில்.

பதினாறு என்று தெரிந்தால் இங்கே கலியாண லைசென்ஸ் தரமாட்டார்கள். அதோடு விடவும் மாட்டார்கள், பிடித்துத் திருப்பிப் பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்று மாமி சொல்லியிருந்தாள். கொழும்பு லொட்ஜிலிருந்து அம்மாவும் போனில் அழுதாள். "அவர் சொல்லுறபடி கேள் பிள்ளை."

தயாளினிக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். அதைச் சொல்ல ஒரு ஆளில்லை. காலையில் யன்னலுக்குக் கீழே பள்ளிக்கூடப் பஸ் வந்து நிற்கும்போது மட்டும் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பாள். ஏறுகிறவர்கள் எல்லாரும் அவளோடொத்த பிள்ளைகள்.

லைசென்ஸ் கவுண்டருக்குப் பின்னால் இருந்தது நரை விழுந்த ஒரு சீனப் பெண்மணி. அவளுடைய தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கலண்டர். அதில் வட்டமாகப் பன்னிரண்டு மிருகங்கள், ஒவ்வொன்றின் காலடியிலும் பொடி எழுத்தில் வருசங்கள்.

அன்புராசா பேப்பர்களை நீட்டினான். இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்தவன். ஆனாலும் முகம் முழுக்கச் சிரிப்பு. பேப்பரை அதிகம் கிண்டவிடாமல் கதை கொடுத்தால் காரியம் சுகமாக முடியும் என்பது அவன் கணக்கு. அடுத்த கிழமை உங்களுக்குப் புது வருசம் அல்லவா என்று ஆங்கிலத்தில் கேட்டுவைத்தான்.

அங்கேதான் கணக்குப் பிழைத்தது.

அந்தப் பெண்மணி பேனையை வைத்துவிட்டுக் கதிரையில் நன்றாகச் சாய்ந்தாள். வரப்போவது பன்றி வருசம் என்றாள். எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே வயது கேட்கமாட்டார்கள், அது மரியாதையில்லை, எந்த மிருகம் என்றுதான் கேட்போம் என்றாள். மிருகம் தெரிந்தால் யாரை அக்கா என்பது, யாரைத் தங்கச்சி என்பது எல்லாம் தெரிந்துவிடுமாம்.

அன்புராசா தான் பிறந்தது அறுபத்தாறு என்றான்.

குதிரை! நல்ல உழைப்பாளி, கடிவாளம் மட்டும் பிடிக்காது என்று அவள் சொல்ல, அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கேட்டனீரே? உம்மட மனுசன் குதிரையாம். பிடிச்சுக் கட்டும் பாப்பம்."

அப்போது அவள் தயாளினியின் பக்கம் திரும்பினாள். உனக்கு எது?

அவளுக்கு இங்கிலீஸ் விளங்காது என்று அன்புராசா முந்திக்கொண்டான். பரவாயில்லை, விரலால் காட்டட்டும் என்று அவள் கலண்டரை நோக்கிப் பேனையை நீட்டினாள்.

எழுபத்தைந்து முயலின் காலடியில் இருந்தது. முயல் காதை மடக்கிக்கொண்டு படுத்துக் கிடந்தது. தயாளினியின் கை அதை நோக்கித்தான் எழும்பியது. பாதி வழியில் திசைமாறி, குதிரைக்கு நேரே போய் நின்றது.

"சேம்" என்றாள். இந்த நாட்டில் அவள் வாய்திறந்து சொன்ன முதல் இங்கிலீஸ்.

அன்புராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மாமி பத்துப் பொருத்தம் பாத்தவ. இது பதினோராவது!"

சீனப் பெண்மணியும் சிரித்தாள். ஒரு வீட்டில் இரண்டு குதிரையா என்றாள். சிரித்தபடியே பெருவிரலால் மற்ற விரல்களின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். தயாளினியின் அம்மா நாள் எண்ணுவதும் இப்படித்தான்.

நான்கு விரலில் பன்னிரண்டு மடிப்பு. ஒரு குதிரைக்கும் அடுத்த குதிரைக்கும் நடுவில் பன்னிரண்டு வருசம். அவனோடொத்தவள் என்றால் இருபத்தெட்டு. இல்லையென்றால் பதினாறு. எப்படி எண்ணினாலும் பத்தொன்பது வராது.

பெருவிரல் நின்றது. பிறகு சிரிப்பும் நின்றது.

அவள் பேப்பரைப் பார்த்தாள். தயாளினி உடுத்தியிருந்த மாமியின் சேலையையும், அதற்கு மேலே பருப் போட்ட நாடியையும் பார்த்தாள். ஒரு நிமிசம் என்று சொல்லிவிட்டுப் பேப்பர்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

யாரைக் கூப்பிடப் போயிருக்கிறாள்? பொலிஸையா, பிளேன் ஏற்றுகிறவர்களையா? யாரென்றாலும் பரவாயில்லை, கெதியாய் வரட்டும் என்று தயாளினி நேர்ந்துகொண்டாள்.

"பேப்பரைப் போட்டோக் கொப்பி அடிக்கப் போறா போல. பயப்பிடாதையும்" என்றான் அன்புராசா.

அவன் கவுண்டரில் முழங்கையை ஊன்றினான். நித்திரை மறைத்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு கலண்டரில் தன்னுடைய குதிரையைத் தேடினான். கண்டுபிடித்ததும், எழுத்துக் கூட்டுகிற சின்னப்பிள்ளை மாதிரி, அதன் காலடியில் இருந்ததை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினான்.

"ஐம்பத்திநாலு... அறுபத்தாறு, உது நான்... எழுபத்..."

குரல் நின்றது.

பக்கத்துக் கவுண்டரில் யாரோ முத்திரை குத்துகிற சத்தம் மட்டும்.

"இஞ்ச பாரடி" என்றான், மிக மெதுவாக.

தயாளினி அவனைப் பார்க்கவில்லை. கதவின் கைபிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.